மியூசிக் டிகிரி எல்லாம் கம்போசிஷன் டிகிரி இல்ல அக்கா

கடலூர் திருப்பாப்புலியூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பொண்ணு ப்ளஸ் டூ, எட்டு வருஷமா கர்நாடக வயலின், ரெண்டு வருஷமா கீபோர்டு கிளாஸ், ராத்திரியெல்லாம் லேப்டாப்ல ட்யூன் போட்டுட்டு உக்காந்திருக்கா, படிச்சா மியூசிக் கம்போசிஷன்தான்னு அடம். அவங்கப்பா பி.காம் சேருன்றார். பக்கத்துலயே சிதம்பரம் இருக்கே, அங்கயே சேத்துடலாமா, இல்ல சென்னை, வெளிநாடுன்னு பாக்கணுமான்னு கேள்வி.

அக்கா, நம்மூர் பக்கம் இருக்கற ரெண்டு எடமும் நல்ல எடம்தான், அதுல சந்தேகமே வேணாம். சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டிக்கும் தமிழிசை இயக்கத்துக்கும் இருக்கற தொடர்பு ஊருக்கே தெரியும். இந்தப் பக்கம் அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம், பாண்டி பஸ் ஏறினா போயிடலாம். ஆனா இங்கெல்லாம் பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம்னு ஒரு துறையை எடுத்து கச்சேரி பண்ற அளவுக்கு வாசிக்க, பாட கத்துக்கறதுதான் படிப்போட மையம். ஏற்கெனவே இருக்கற கீர்த்தனையை சுத்தமா பாடறது வேற, புதுசா ஒண்ண எழுதி பத்து பேர் கையில குடுத்து வாசிக்க வெக்கறது வேற. பொண்ணுக்கு ராகத்துல, வயலின்ல இன்னும் ஆழமா போகணும்னா கண்ண மூடிட்டு இங்கயே சேத்துடுங்க, செலவும் கம்மி, வீட்டுச் சாப்பாடு. ஆனா ஹார்மனி (ஸ்வரங்கள ஒண்ணா ஒலிக்க அடுக்கறது), கவுண்டர்பாயிண்ட் (ரெண்டு மூணு மெட்ட ஒரே நேரத்துல ஓட விடறது), ஆர்கெஸ்ட்ரேஷன் (எந்த வாத்தியத்துக்கு எதக் குடுக்கறதுங்கறது)னு அவ கேட்டுட்டு இருந்தா, சேரறதுக்கு முன்னாடியே சிலபஸ் வாங்கி அதுல எத்தன பேப்பர் அப்படி இருக்குன்னு எண்ணிப் பாத்துடுங்க.

இது ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, என்கிட்ட தியரி படிச்ச பையன் ஒருத்தன், நல்ல காது அவனுக்கு, லேப்டாப்லயே வயலினும் ஃப்ளூட்டும் வெச்சு ஒரு பீஸ் பண்ணிட்டு வந்தான், ஸ்பீக்கர்ல கேட்டா அருமை. அதை பிரிண்ட் போட்டு சர்ச்ல வெஸ்டர்ன் வயலின் வாசிக்கற ஒருத்தர்கிட்ட குடுத்தோம், மூணாவது பார்லயே (பார்னா வெஸ்டர்ன் நொட்டேஷன்ல ஒரு தாளக் கட்டம்) வில்ல எறக்கிட்டார். "தம்பி, இந்த நோட்டு என் வயலின்லயே கிடையாதுப்பா." வெஸ்டர்ன் ட்யூனிங்ல அடிக் கம்பி ஜிங்கற ஸ்வரம், அதுக்குக் கீழ எறங்க வழியே இல்ல, இவன் அதுக்கும் கீழ இருக்கற இங்கற ஸ்வரம் வரைக்கும் எறங்கியிருக்கான். நம்ம கர்நாடக வயலின்ல ச ப ச ப ன்னு சுருதிக்கேத்த மாதிரி எறக்கிக் கட்டிக்கறோம்ல, அந்தப் பழக்கம் அவனுக்கு. ஃப்ளூட்டுக்கு பதினாறு பார் மூச்சு விடவே எடம் வெக்கல. லேப்டாப் எதையும் வாசிச்சுடும், மனுஷன் வாசிக்க மாட்டான். இத மூணு நாலு வருஷம் வாராவாரம் ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து திருத்தறதுதான் கம்போசிஷன் படிப்பு.

அதனால எந்த காலேஜா இருந்தாலும் கட்டடத்தையும் ஸ்டூடியோவையும் பாத்து மயங்காம ரெண்டே கேள்வி கேளுங்க, கம்போசிஷன் வாத்தியார் வாரத்துக்கு எவ்ளோ நேரம் தனியா சொல்லிக் குடுப்பார், வருஷத்துக்கு எத்தன தடவ பசங்க எழுதினத ஆளுங்க வாசிப்பாங்க. பதில் மழுப்பலா வந்தா எழுந்து வந்துடுங்க. சவுண்ட் இன்ஜினியரிங், மியூசிக் புரொடக்ஷன் கோர்ஸெல்லாம் இதோட சேத்துக் குழப்பிக்காதீங்க, அது ரெக்கார்டிங், மிக்ஸிங் வேல.

சென்னையில ஏ.ஆர்.ரஹ்மான் 2008ல ஆரம்பிச்ச கேஎம் கன்சர்வேட்டரின்னு மியூசிக் காலேஜ் இருக்கு, வெஸ்டர்ன் பக்கம் முறையா படிக்கணும்னா பக்கத்துல அதுதான் மொதல்ல பாக்க வேண்டியது. ஆனா எந்த தனியார் எடமா இருந்தாலும் குடுக்கறது டிப்ளமோவா டிகிரியா, டிகிரின்னா எந்த யுனிவர்சிட்டி பேர்லன்னு எழுத்துலயே வாங்குங்க, நாளைக்கு எம்.ஏ. போகவோ அரசு வேலைக்கோ யுஜிசி அங்கீகாரம் இல்லாத பேப்பர நீட்ட முடியாது. அப்பா கவலப்படறதும் இங்கதான், அது நியாயமான கவலதான்.

வெளிநாடு ஆசையிருந்தா மார்க் ஷீட்ட விட போர்ட்ஃபோலியோதான், அதாவது அவ எழுதின பீஸ்களோட தொகுப்புதான் பேசும். பொதுவா ரெண்டு மூணு பீஸ், ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி, ஸ்கோரும் (எழுதின நொட்டேஷன்) ரெக்கார்டிங்கும் சேத்து. இங்கிலாந்து கன்சர்வேட்டரிக்கு அப்ளிகேஷன் அக்டோபர் ஆரம்பத்துலயே முடிஞ்சுடும், ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்தா வருஷம் போச்சு. அமெரிக்காவுல பாஸ்டன் பெர்க்லீ மியூசிக் காலேஜ்ல ஆடிஷன் உண்டு, ஃபீஸப் பாத்தா தல சுத்தும். ஜெர்மனியில அரசு மியூசிக் காலேஜ்கள்ல ஃபீஸ் பெரும்பாலும் ரொம்ப கம்மி, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துலன்னா நம்மள மாதிரி வெளிநாட்டுப் பசங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ, ஆனா என்ட்ரன்ஸ்ல காது டெஸ்ட், தியரி, பியானோ எல்லாம் வரும், ஜெர்மனும் தெரியணும். பிரான்ஸ்னு யோசிச்சா பாண்டி அலியான்ஸ் ஃபிரான்சேஸ்ல இப்பவே ஃப்ரெஞ்சு சேத்துடுங்க, மொழி இல்லாம அங்க கத ஆகாது.

எங்க போனாலும் இந்த வருஷம் அவ ஏபிஆர்எஸ்எம்னு இங்கிலாந்து மியூசிக் பரீட்சை போர்டோட கிரேடு 5 தியரிய முடிக்கட்டும், அது இல்ல அதுக்கு ஈடா அவங்க ஏத்துக்கற வேற பரீட்சை இல்லாம அவங்க கிரேடு 6 பிராக்டிகல் எழுதவே விட மாட்டாங்க. கீபோர்ட விட்டுட்டு வெயிட்டட் கீ (நெஜ பியானோ மாதிரி கனமா அழுத்த வேண்டிய கட்டை) இருக்கற பியானோவுக்கு மாறணும், வாங்க முடியலன்னா வாரம் ரெண்டு நாள் வாசிக்க யார்கிட்டயாவது கேளுங்க. அப்பறம் மியூஸ்ஸ்கோர்னு சாஃப்ட்வேர் இலவசம்தான், அதுல ரெண்டு வயலினுக்கு ஒரு பக்கம் எழுதி, ஒண்ண அவளும் இன்னொண்ண நொட்டேஷன் படிக்கத் தெரிஞ்ச ஒரு வெஸ்டர்ன் வயலின் ஆளும் வாசிச்சு செல்லுல ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. அந்தப் பக்கத்தையும் ரெக்கார்டிங்கையும் எனக்கு அனுப்புங்க அக்கா, சென்னையா சிதம்பரமான்னு அதப் பாத்துட்டு சொல்றேன்.