வேலை முடிந்து வரும் வழியில் விபத்து: இழப்பீடு உண்டா?

கேள்வி: என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது நாய் குறுக்கே பாய்ந்ததில் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 'கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்கிறது கம்பெனி. என்ன செய்வது?

பதில்: தயங்காமல் கேளுங்கள், அது அவருடைய உரிமை. கம்பெனி சொல்வது பழைய கதை. வேலைக்கு சைக்கிளில் வரும்போது லாரி மோதிய தொழிலாளிக்கு 1996-ல் உச்ச நீதிமன்றமே இழப்பீடு இல்லை என்றது உண்மைதான். ஆனால் 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ பிரிவு வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ நடக்கும் விபத்தும் பணிக்கால விபத்துதான். நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தினால் போதும். 2025 ஜூலையில், அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பி வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், 2010-க்கு முந்தைய விபத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது.

சரி, பணம் எங்கே கைநழுவுகிறது தெரியுமா? பதிவில்தான். இ.எஸ்.ஐ.யில் இதைச் சாதாரண நோய் விடுப்பாகப் பதிந்துவிட்டால் கூலியில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். பணிக்கால விபத்து என்று பதிந்தால் 90 சதவீதம், வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்க. நாள் கூலி 600 ரூபாய் என்றால் 420-க்கும் 540-க்கும் உள்ள வித்தியாசம் இது. வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் ஆனது என்ற கேள்வியும் விபத்துக்குக் கிடையாது.

அதனால் முதலில் கம்பெனியிடம் படிவம் 12-ல் விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். வாயால் கேட்காதீர்கள், பதிவுத் தபாலில் கேளுங்கள். நகல் ஒன்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் போகட்டும். அன்றைய பஞ்சிங் நேரம், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது' என்று அந்தப் பதிவேட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வெறுமனே 'பைக்கிலிருந்து விழுந்தார்' என்றிருந்தால், ஷிஃப்ட் முடிந்த நேரத்தையும் அவர் வந்த பாதையையும் வைத்து நிரூபிக்க வேண்டும். கூட வேலை செய்பவர் ஒருவரின் சாட்சி அப்போது உதவும். வழியில் வேறு ஊருக்கோ சொந்த வேலைக்கோ திரும்பிப் போயிருந்தால் மட்டும் சிக்கல்.

கிளை அலுவலகம் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டுப் பிரித்த பிறகும் கால் பழையபடி மடங்கவில்லையா? மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு விண்ணப்பியுங்கள். நிரந்தர ஊனம் என்று முடிவானால், அதன் சதவீதத்துக்கு ஏற்ற தொகை தனியாக உண்டு.