முகம் கழுவிவிட்டு வந்த யோசேப்பு

அன்புள்ள ஐயா,

சொந்தபந்தங்கள் நடுவில் என்னை அவமானப்படுத்தி, வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார் என் அண்ணன். ஆறு வருடம் ஆகிறது. மன்னித்துவிட்டேன் என்று முழங்காலில் நின்று மனதாரச் சொன்னேன். ஆனாலும் போனில் அவர் குரல் கேட்டாலே கை நடுங்குகிறது, இரவில் அழுகை வருகிறது. “உண்மையாக மன்னித்திருந்தால் வலி போயிருக்கும், உனக்கு விசுவாசம் போதாது” என்கிறார்கள் சபையில். என் ஜெபம் பொய்யா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பொய் இல்லை. அப்படிச் சொன்னது காயத்தின் மேல் இன்னொரு காயம். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

பைபிளில் ஆதியாகமத்தில் வரும் யோசேப்பை நினைத்துப் பாருங்கள். 17 வயதில் கூடப்பிறந்தவர்களே விற்றார்கள். 30 வயதில் எகிப்தில் பெரிய பதவி. மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறார். என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அந்த வீட்டு நினைப்பு வராமலா இருந்திருக்கும்? அப்புறம் பஞ்சத்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நிற்கிறார்கள். யோசேப்பு தள்ளிப்போய் அழுகிறார். அடுத்த முறை தம்பி பென்யமீனைப் பார்த்ததும் உள்ளறைக்கு ஓடி அழுகிறார். முகத்தைக் கழுவி, தன்னை அடக்கிக்கொண்டு வெளியே வந்து, சாப்பாடு வையுங்கள் என்கிறார். அந்த இடத்தை என்னால் சட்டென்று தாண்டிப்போக முடிவதில்லை. எத்தனை இரவுகள் நீங்களும் அப்படி முகம் கழுவியிருப்பீர்கள்!

அண்ணன்மாரோடு சமாதானமான பிறகாவது அழுகை நின்றதா? தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறக்கிறார். இனி பழிவாங்குவானோ என்று பயந்து அண்ணன்மார் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கிறார்கள். அதைக் கேட்டு யோசேப்பு மறுபடியும் அழுகிறார். தீமையை தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்ற வசனம் அந்த அழுகைக்குப் பிறகுதான் வருகிறது. நாம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து அழுகிறவர் கையில் திணிக்கிறோம்.

இன்னொன்று. தானியம் வாங்க வந்த அண்ணன்மாரிடம் யோசேப்பு உடனே தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. மனம் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தார். மன்னிப்பது வேறு, மறுபடி நம்புவது வேறு. முடியாத நாளில் போனை எடுக்காதீர்கள். அது பாவம் இல்லை. தூக்கம் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தை விட்டுவிட்டு அல்ல, ஜெபத்தோடு.

இன்று இரவு வார்த்தை வரவில்லை என்றால் பைபிளின் ஜெபப் பாடல்களில் 88-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது கடைசி வரி வரை இருட்டுதான். ஆனாலும் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்றுதான் தொடங்குகிறது. வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.