பட்டறையில் யார் முத்திரை?

கேள்வி: வெள்ளியில் நகாசு வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பதினொரு வருடமாக மகளும் என்னோடு உட்கார்ந்து வேலை செய்கிறாள். செதுக்குவதில் இப்போது என்னைவிட அவள் கை திருத்தம். ஆனாலும் வருகிறவர்கள் அவளைப் பார்த்தே, "மாஸ்டர் இல்லையா?" என்கிறார்கள். "பெண்களுக்குப் பொறுமை அதிகம், மெருகு போடட்டும், பட்டறையை அண்ணன் மகனிடம் கொடு" என்கிறது சொந்தம். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தப் 'பொறுமை'ப் பாராட்டை நம்பாதீர்கள். பொறுமை இல்லாமலா நீங்கள் இத்தனை காலம் குனிந்து உட்கார்ந்தீர்கள்? பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், கற்றுக்கொண்ட வருடங்களுக்குக் கூலி தர வேண்டாம் பாருங்கள்!

பெண்கள் நுண்வேலைக்குப் புதியவர்களா என்ன? பெயர் வெளியே வருவதுதான் புதிது. லண்டனில் ஹெஸ்டர் பேட்மன் என்றொரு வெள்ளி வேலைக்காரர். கணவர் இறந்த மறுவருடம், 1761-ல், தன் பெயரின் முதலெழுத்துகளைத் தனி முத்திரையாகப் பதிவு செய்தார். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தொழிலைப் பெருக்கினார். அவர் பட்டறைப் பாத்திரங்களை இன்றும் அந்த முத்திரையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்.

நியூயார்க்கில் கிளாரா டிரிஸ்காலுக்கு நடந்தது வேறு. வண்ணக் கண்ணாடி விளக்குகள் செய்த டிஃப்பனி பட்டறையில் கண்ணாடி வெட்டும் பெண்கள் பிரிவுக்குத் தலைவி. புகழ்பெற்ற தும்பி விளக்கு அவர் வடிவமைத்தது. ஊருக்குத் தெரிந்ததோ முதலாளி பெயர் மட்டும். கிளாரா தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்டு விஷயம் வெளிவர, கிட்டத்தட்ட 100 வருடம் ஆயிற்று.

உங்கள் மகளுக்கும் தனி முத்திரை செய்து கொடுங்கள். அவள் செதுக்கியதில் அவள் முத்திரைதான் விழ வேண்டும். செய்து முடித்த ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தேதியோடு அவளே குறித்து வைக்கட்டும். "மாஸ்டர் இல்லையா?" என்று கேட்டால் நீங்கள் எழுந்து வராதீர்கள். அவளைக் கை காட்டுங்கள். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அவள் பிடிக்கிற செதுக்குளி உங்கள் கை அளவுக்கு வெட்டியதா என்றும் பாருங்கள். பிடி உள்ளங்கையில் அடங்கி, முனை கட்டைவிரலைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீள வேண்டும். அதிகம் நீண்டால் வழுக்கும்; அப்புறம் "பெண் கைக்கு வலு இல்லை" என்பார்கள். பலகையின் உயரமும் அப்படித்தான்.

அண்ணன் மகனுக்கு ஆர்வம் இருந்தால் வரட்டும். வேலை கொடுப்பதா என்று உங்கள் மகள் முடிவு செய்வாள்.