டர்னரின் ஸ்கெட்ச் நோட்டுகள்: கேள்வி பதில்

சார், ஆங்கில ஓவியர் டர்னர் விட்டுப்போன தாள்கள் பிரிட்டிஷ் அரசிடம் எப்படி வந்தன?

அவர் 1851 டிசம்பரில் இறந்தார். முழுமையாகத் தீட்டி முடித்த ஓவியங்களை மட்டுமே நாட்டுக்கு எழுதிவைத்திருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். 1856இல் முடிவானபோது பணம் அவர்களுக்குப் போனது. வீட்டிலிருந்த அவர் கைப்படைப்பு அத்தனையும் நாட்டுக்கு வந்தது. தைலவண்ண ஓவியங்கள் சுமார் 300. நீர்வண்ணம், பென்சில் என்று தாளில் வரைந்தவை முப்பதாயிரத்துக்கும் மேல்.

நோட்டுகளைப் பிரித்துப் போட்டது கலை விமர்சகர் ரஸ்கினா?

ஆமாம், சிலவற்றை. 1857இல் லண்டன் நேஷனல் கேலரியின் கீழ்த்தளத்தில் தகரப் பெட்டிகளை அவர் திறந்தபோது பல தாள்கள் ஈரத்தில் பூஞ்சை பூத்து, எலி கடித்துக் கிடந்தன. பெரும்பாடுபட்டுக் காப்பாற்றினார், அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நல்ல பக்கங்களைத் தனியே எடுத்துச் சட்டமிட்டதில் வரிசை குலைந்தது. டர்னர் எங்கே நின்றார், அடுத்து எந்தத் திருப்பத்தில் திரும்பினார் என்பதெல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. 1909இல் ஆய்வாளர் ஃபின்பெர்க் வெளியிட்ட, இந்தத் தாள்களின் பட்டியல்தான் அந்த வரிசையை எழுத்திலாவது மீட்டது. என்னைக் கேட்டால், டர்னருக்கு யாரும் செய்யாத பெரிய தொண்டு அது.

ஆபாசப் படங்களை ரஸ்கின் எரித்தாராமே?

அப்படித்தான் வெகுகாலம் நம்பினார்கள். இந்தச் சேகரிப்பை இப்போது வைத்திருக்கும் டேட் கலைக்கூடத்தின் ஆய்வாளர் இயன் வாரல் சரிபார்த்தபோது, பெரும்பாலானவை சேகரிப்பிலேயே இருப்பதாகத் தெரிந்தது.

வரிசை தெரிந்தால் என்ன லாபம்?

ஒரு நோட்டிலிருந்த ஒன்பது நீர்வண்ணத் தாள்களை 1834இல் நாடாளுமன்றம் எரிந்த காட்சி என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். இப்போது 1841இல் லண்டன் டவர் கோட்டையில் பிடித்த தீ என்று டேட் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தனித்தாளாகப் பார்த்தால் வெறும் நெருப்பும் புகையும்தான். ஒன்பதையும் அடுத்தடுத்து வைத்தால் கட்டடமும் இடமும் பிடிபடத் தொடங்கும்.

அக்கறையாகப் பார்க்க நினைக்கும் புதியவர் எங்கே தொடங்கலாம்?

டேட் இணையதளத்தில் நோட்டுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வண்ணத்துக்கு ஓடாமல், 1819 இத்தாலிப் பயணத்தின் பென்சில் நோட்டு ஒன்றை முதலிலிருந்து புரட்டுங்கள். போகிற போக்கில் கோடு இழுத்துக்கொண்டே போவார். வேறு நோட்டுகளில் செலவுக் கணக்கு, கவிதை வரிகள்கூட வரும். அப்புறம் 1816–18 காலத்து வான நோட்டு: பெரும்பாலும் மேகம், மேகம், மேகம்.

நேரில் பார்க்க முடியுமா?

முன்பதிவு செய்தால் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் சித்திரங்களுக்கான பார்வை அறையில் பார்க்கலாம். வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் மங்கும், அதனால் எப்போதும் சுவரில் மாட்டிவைப்பதில்லை. 1928 தேம்ஸ் வெள்ளத்தில் நனைந்த தாள்களும் இதில் உண்டு. கறை இருந்தால் அதையும் கவனித்துப் பாருங்கள்.