கேளுங்கள், சொல்கிறோம்: முழங்கை ஊன்றி 90 கிலோமீட்டர்

கோவாவில் நடக்கும் 70.3 ட்ரையத்லானுக்குத் (நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்) தயாராகிறேன். சாதாரண ரோடு பைக்கில் கிளிப்-ஆன் ஏரோபார் (முழங்கை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடி) மாட்டினேன். 20 கிலோமீட்டர் தாண்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, தொடை வயிற்றில் முட்டுகிறது. இறங்கி ஓடினால் கால் மரக்கட்டை. தொழில்முறை வீரர்கள் இன்னும் தாழக் குனிந்து ஓட்டுகிறார்களே, எப்படி?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ஏரோபாரை மாட்டிவிட்டு சீட்டைப் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். ரோடு பைக்கில் சீட் குழாயின் சாய்வு சுமார் 73 டிகிரி. அந்த இடத்தில் உட்கார்ந்து முழங்கையை முன்னால் ஊன்றினால் இடுப்பு மடிப்பு ஒடுங்கிவிடும், தொடை மேலே வர இடம் இருக்காது. தொழில்முறை வீரர்களின் வண்டியில் இந்தச் சாய்வு 78, 80 டிகிரி வரை போகும். கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) அச்சைச் சுற்றி முழு உடம்பையும் முன்பக்கம் உருட்டி வைத்தது போன்ற இருப்பு அது. முதுகு தாழ்ந்தாலும் இடுப்புக் கோணம் திறந்தே இருக்கும். 90 கிலோமீட்டருக்குப் பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டிய காலுக்கு அதுதான் முக்கியம்.

வண்டியை டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி, இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சீட்டின் மூக்கிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, நூலுக்கும் கிராங்க் அச்சின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சீட் உயரத்தையும் குறியுங்கள். பிறகு சீட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள். முன்னால் தள்ளினால் பெடலுக்கு உள்ள தூரம் குறையும், அதனால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 3 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு முட்டிவலி என்று வருகிறார்கள். சீட் கம்பியில் உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. இடம் போதாவிட்டால், பின்பக்க வளைவு இல்லாத நேரான சீட் போஸ்ட் மாற்றுங்கள்.

அடுத்தது முழங்கைத் திண்டு. திண்ணையில் முழங்கை ஊன்றிப் பேப்பர் படிக்கும்போது தோளில் பாரம் தெரியாது, எலும்பே தாங்கிக்கொள்ளும். அதே நிலை வேண்டும். பக்கவாட்டில் ஒருவரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்: காது ஏறக்குறைய முழங்கைக்கு நேர்மேலே, முழங்கை 90 முதல் 100 டிகிரி மடிப்பில். திண்டு வெகுதூரத்தில் இருந்தால் தோளும் கழுத்தும் உடம்பை இழுத்துப் பிடிக்கும். முதல் மாதம் திண்டின் கீழ் 3, 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஸ்பேசர்கள் (உயரம் கூட்டும் துண்டுகள்) வைத்து உயரமாகவே ஓட்டுங்கள். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் நிலை கலையாமல் இருக்க முடிந்த பிறகு ஒவ்வொரு ஸ்பேசராக எடுங்கள். அரை மணிக்கொரு முறை எழுந்து முதுகு நிமிர்த்த வேண்டிய தாழ்வான நிலையைவிட, கடைசி வரை தாங்கும் உயரமான நிலை வேகமானது.

இடுப்பு எலும்பு முன்னால் உருளும்போது நீண்ட மூக்குள்ள சீட் நரம்பை அழுத்தும். மரத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. மூக்கு பிளந்த, குட்டையான சீட் வாங்குங்கள். முதல் செலவு இதற்கே ஆகட்டும்.

தொடை இன்னும் முட்டினால் கிராங்க் நீளத்தைப் பாருங்கள். 172.5 மில்லிமீட்டரை 165 ஆக்கினால் சீட்டை 7.5 மில்லிமீட்டர் உயர்த்தலாம், பெடலும் உச்சியில் 7.5 தாழ நிற்கும். தொடைக்கு மொத்தம் 15 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. தொழில்முறை வீரர்கள் பலர் குட்டைக் கிராங்குக்கு மாறியதற்கு இதுவே காரணம்.

ஒரு வேண்டுகோள்: புது நிலையைத் தொப்பூர் கணவாயில் சோதிக்காதீர்கள். ஏரோபாரில் கை இருக்கும்போது பிரேக் விரலுக்கு எட்டாது. லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றில் வண்டி ஒரு முழம் விலகும்.

பின்சக்கரத்துக்கு டிஸ்க் (கம்பி இல்லாமல் தட்டுப்போல் மூடிய சக்கரம்) வாங்கலாமா?
– அரூர்

கடைசியாக. முதலில் உடம்போடு ஒட்டிய ட்ரை சூட் (ட்ரையத்லான் உடை), தலைக்குப் பொருந்திய ஏரோ ஹெல்மெட், நல்ல டயர். படபடக்கும் சட்டை தின்னும் வேகத்தை எந்தச் சக்கரமும் திருப்பித் தராது. பக்கக் காற்றில் தடுமாற வைப்பது பெரும்பாலும் முன்சக்கரம்தான். எடை குறைந்தவர்கள் முன்னால் ஆழமான ரிம் போட வேண்டாம். ஹவாயின் கோனா பந்தயத்தில் காற்றுக்குப் பயந்து பல ஆண்டுகள் பின் டிஸ்க்கையே தடை செய்திருந்தார்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள் மாலை 120 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்து வெயிலில் நிறுத்திய டயர் வெடித்தது. டயர் மட்டமா?
– பாலக்கோடு

டயரைக் குறை சொல்ல முடியாது. 25 டிகிரியில் 100 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 55 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 111 தாண்டும். 120 அடித்தால் 133-க்கு மேல். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைப் பாருங்கள், பலவற்றில் அதைவிடக் குறைவு. 28 மில்லிமீட்டர் டயருக்கு அவ்வளவு காற்று தேவையும் இல்லை. ரிம்மில் கொக்கி விளிம்பு இல்லாவிட்டால் 72.5 பி.எஸ்.ஐ.தான் எல்லை, மீறினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும். வண்டியை ஒப்படைக்கும் மாலையில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, பந்தயக் காலை இருட்டோடு போய்ச் சரியாக அடியுங்கள். லேடெக்ஸ் டியூப் ஒரே இரவில் காற்றை விடும் என்பதால், அது போட்டவர்களுக்குக் காலை பம்ப் கட்டாயம்.

மகளின் போட்டியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாமாம். ஏரோபார் வாங்கவா?
– ஒரு தாய், பர்கூர்

வேண்டாம் அம்மா. காற்று மறைவில் ஓட்ட அனுமதியுள்ள போட்டிகளில் வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக்தான். 70.3 போன்றவற்றில் முன்வண்டிக்கு 12 மீட்டர் விட்டு ஓட்ட வேண்டும் என்பதால்தான் ஏரோபாருக்கு அங்கே மதிப்பு.

நீந்தி வந்து ஷூ மாட்டவே மூன்று நிமிடம் போகிறது.
– பென்னாகரம்

ஷூவைப் பெடலிலேயே பூட்டிவிடுங்கள். குதிகால் வளையத்தில் ரப்பர் பேண்டு கோத்து ஒன்றை முன் கியர் பக்கமும் மற்றதைப் பின் அச்சுப் பக்கமும் மாட்டினால் ஷூ கிடைமட்டமாக நிற்கும். மிதித்ததும் பேண்டு அறுந்துவிடும், அதனால் மெல்லிய பேண்டே போதும். ஷூ மேல் காலை வைத்து வேகம் எடுத்த பிறகு ஒவ்வொன்றாகக் காலை நுழையுங்கள். ஷூவுக்குள் கொஞ்சம் பவுடர் தூவினால் ஈரக்கால் வழுக்கி உள்ளே போகும். வண்டியைத் தொடும் முன் ஹெல்மெட் வார் பூட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து வண்டியை ஸ்டாண்டில் மாட்டிய பிறகே அவிழ்க்க வேண்டும். கியரை எளிதானதில் விட்டு வையுங்கள். இந்த ரப்பர் பேண்டு வித்தையைத் தெருவில் இருபது தடவை செய்து பார்க்காமல் பந்தயத்தில் தொடாதீர்கள். விழுந்தால் மூன்று நிமிடம் அல்ல, பந்தயமே போய்விடும்.