துடிக்கும்போதே வந்திருக்க வேண்டும்

கேள்வி: வயது 44. குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நண்பன் வீட்டுக் கல்யாணத்தில் பிராந்தி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. விடியற்காலையில் நெஞ்சு படபடத்து எழுப்பியது. மதியம் வரை தாறுமாறாகத் துடித்தது. அம்மாவின் பி.பி. மாத்திரை ஒன்றைப் போட்டதும் அடங்கியது. மறுநாள் எடுத்த இ.சி.ஜி. நார்மல். மலை உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் இப்படி ஆகும் என்று இணையத்தில் படித்தேன். கேஸ் தொல்லையும் உண்டு. இது ஹார்ட் அட்டாக்கா?

பதில்: மலையை விடுங்கள். குன்னூரின் 1,850 மீட்டர், இங்கேயே வாழ்கிற உடம்புக்கு ஒரு பொருட்டே இல்லை. கேஸையும் விடுங்கள். 'கொஞ்சம் அதிகம்' என்பதை நான் எப்போதும் இரண்டால் பெருக்கிக்கொள்வேன்.

அட்டாக் என்பது ரத்தக்குழாய் அடைப்பு. உங்களுக்கு வந்தது தாளக் கோளாறு போலத் தெரிகிறது. பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது. விடுமுறைக் குடிக்குப் பிறகு இப்படி வருகிறவர்களைப் பார்த்து, 1978இல் அமெரிக்க மருத்துவர்கள் 'ஹாலிடே ஹார்ட்' என்றே பெயர் வைத்தார்கள். போதை இறங்கும் நேரத்தில் அட்ரினலின் ஏறும், மெக்னீசியம் சிறுநீரில் போயிருக்கும். விடியற்காலையில் எழுப்பியது அதனால்தான்.

பயப்பட வேண்டியது பக்கவாதத்துக்கு. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்தால், அந்தக் கட்டி மூளைக்குப் போகலாம். அதனால் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். ஒரு துடிப்பு தவறி மறுபடி தாளத்துக்கு வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. எந்த இரண்டு துடிப்பின் இடைவெளியும் ஒத்துவராமல் அரை மணி நேரம் ஓடினால், ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே இ.சி.ஜி. எடுக்கப் போங்கள். அடங்கிய பிறகு எடுத்தால் நார்மலாகத்தான் வரும். அந்த நேரக் குறிப்பும் முக்கியம்: 48 மணி நேரம் தாண்டிவிட்டால், உறைகட்டி இல்லை என்று உறுதிசெய்யாமலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்காமலோ ஷாக் கொடுத்துத் தாளத்தைத் திருப்ப மாட்டோம். மயக்கம், மார்வலி, மூச்சுத்திணறல், வாய் கோணல் என்றால் 108.

அப்புறம், அந்த மாத்திரை. போதை தெளிந்து இது ஒரு நாளுக்குள் தானாகவே அடங்குவது சகஜம். மாத்திரைதான் அடக்கியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பி.பி. மாத்திரைகளில் சில ஆஸ்துமாக்காரருக்கு மூச்சையே இறுக்கிவிடும். அம்மாவின் டப்பாவைத் தொடாதீர்கள்.

எக்கோ, தைராய்டு, பி.பி. மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிராந்தியை நிறுத்துங்கள். தினமும் குடிப்பவரென்றால் திடீரென நிறுத்தாமல், முதலில் மருத்துவரிடம் உண்மையான அளவைச் சொல்லுங்கள்.