கோவையின் முதல் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) ஏன் கருமத்தம்பட்டியில் இருந்தார்? அங்குள்ள செபமாலை அன்னை கோயில் எவ்வளவு பழசு?

ஊர் பெருசா இருந்தாத்தான் கோயிலும் பெருசா இருக்கும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. அவினாசி ரோட்டில் இன்று புறநகர் போலத் தெரியும் கருமத்தம்பட்டிக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷன் என்ற கத்தோலிக்க மறைப்பணியைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் வந்துவிட்டார்கள். கோயம்புத்தூர் நகராட்சி ஆனதே 1866இல்தான். கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தக் கிராமத்தில் இருந்தன. அதனால் ஆயரும் இங்கேயே இருந்தார். அந்த முதல் ஆயர் மரியன் பிரெசிலாக் ஆண்டகை. அவர் 1846இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது இங்கேதான். கோவை பெரியகடை வீதியில் புனித மிக்கேல் பேராலய வேலையைத் தொடங்கியவரும் அவரே. பிறகு பிரான்சுக்குத் திரும்பி, 1859இல் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் இறந்தார். கோவை முறைப்படி மறைமாவட்டம் (ஆயரின் ஆட்சிப் பகுதி) ஆனது அதற்கும் பிறகு, 1886இல்தான்.

வயசைப் பொறுத்தவரை, பங்கின் (கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமூகத்தின்) வயசு வேறு, கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தின் வயசு வேறு. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். முகப்பின் புதுப் பெயிண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தப் பழைய கோயிலானாலும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கடுக்காய்த் தண்ணி விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு சித்திரை வெயிலிலும் சில்லென்று, வழுவழுப்பாக இருக்கும். ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனம் தெரியும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பொரிந்து உதிரும். பழுது பார்க்கிறவர்கள் தயவுசெய்து சுண்ணாம்பையே பூசுங்கள்.

2019இல் இந்தச் செபமாலை அன்னை ஆலயம் பசிலிக்காவாக (போப்பாண்டவர் சிறப்புத் தகுதி தரும் ஆலயமாக) உயர்த்தப்பட்டது. அக்டோபரில் தேர்த் திருவிழா சமயம் போய்ப் பாருங்கள்.